மேப்பிள் மரத்துக்குக் கீழே ஹோஸ்டாவைத் தவிர வேறு என்ன நடலாம்?

மல்வெர்ன்வாசி | 12 யூன் 2022

வணக்கம் உறவுகளே. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கி மூன்று வருடமாகிறது. பின்வளவில் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதற்குக் கீழே மூன்று தடவை புல் விதை போட்டுவிட்டேன். முளைக்கிறது, யூலைக்குள் காய்ந்து போகிறது. இப்போது வெறும் மண்ணும் வேரும்தான். வீட்டுக்காரி ஹோஸ்டா என்ற நிழல் செடியை நடுவோம் என்கிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அதுதான் இருக்கிறது.

எனக்கு வேறு ஆசை. போன வருடம் மே மாதம் ரூஜ் பள்ளத்தாக்கில் நடக்கப் போனோம். காட்டுத் தரை முழுக்க வெள்ளை ட்ரில்லியம் பூ. மகள் அந்த இடத்தை விட்டு வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அடுத்த கிழமையே ஒரு கடையில், மரத்தூளோடு பிளாஸ்டிக் பையில் போட்டு விற்ற மூன்று ட்ரில்லியம் கிழங்குகளை வாங்கி நட்டேன். இந்த வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை. கிண்டிப் பார்த்தால் ஒன்று அழுகிக் கிடந்தது, மற்ற இரண்டையும் காணவே இல்லை.

இந்த மாதிரிக் காட்டுச் செடிகளை வீட்டு வளவில் வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா? எங்கே தொடங்குவது?


கிணற்றடி | 12 யூன் 2022

தம்பி, முதலில் அந்த மரத்தில் ஓர் இலையைக் காம்போடு பிடுங்கி, காம்பை முறித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வருகிறதா? அதைச் சொன்ன பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.


மல்வெர்ன்வாசி | 12 யூன் 2022

பால் வந்தது அக்கா. கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.


கிணற்றடி | 13 யூன் 2022

அப்படியென்றால் அது நோர்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து ஒரு காலத்தில் ரொறன்ரோ தெருக்களில் வரிசை வரிசையாக நட்ட மரம். இந்த நாட்டுச் சுகர் மேப்பிளின் காம்பை முறித்தால் பால் வராது.

மரத்தின் பெயரைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நோர்வே மேப்பிளின் வேர் மேல்மண்ணிலேயே பாய் விரித்தது போல் கிடக்கும். பெய்கிற மழையை முதலில் அதுதான் குடிக்கும். உங்கள் புல் செத்தது நிழலால் மட்டும் இல்லை, தாகத்தாலும்தான். இன்னொன்று, அந்த மரம் வசந்தத்தில் நாட்டு மேப்பிளுக்கு முந்தி இலை விடும், இலையுதிர்காலத்தில் பிந்தித்தான் உதிர்க்கும். ட்ரில்லியம் போன்ற செடிகளுக்கு இது பெரிய இழப்பு.

ஏனென்றால் அவற்றின் சீவியமே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பனி கரைந்து, மரம் இன்னும் மொட்டையாக நிற்கிற ஏப்ரல் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை தரையில் வெயில் விழும். அந்த நாலைந்து கிழமைக்குள் இலை விட்டு, பூத்து, அடுத்த வருடத்துக்கான சாப்பாட்டைக் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். ட்ரவுட் லிலி, டச்மன்ஸ் பிரீச்சஸ் எல்லாம் யூன் மாதத்துக்குள் இலையும் காய்ந்து நிலத்துக்குக் கீழே போய்விடும். ட்ரில்லியம் கொஞ்சம் கூட நாள் நிற்கும். நடுக் கோடையில் என் வளவுக்கு வருகிறவர்கள், "இங்கே ஒன்றும் இல்லையே" என்பார்கள். எல்லாம் காலுக்குக் கீழேதான் இருக்கிறது.

ஆகவே உங்கள் வளவை இரண்டாகப் பிரியுங்கள். அடிமரத்தைச் சுற்றி, வேர் அடர்ந்த இடத்துக்கு வறட்சியைத் தாங்குகிறவை: வைல்ட் ஜிஞ்சர், சொலமன்ஸ் சீல், பெரிய இலை ஆஸ்டர், ஸிக்ஸாக் கோல்டன்ரொட். இந்த நாட்டுச் செடிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் எபிமீடியமும் நடலாம். அது ஆசியப் பக்கத்துச் செடி. காய்ந்த நிழலில் அதைப் போல் தாக்குப்பிடிக்கிற செடியை நான் பார்த்ததில்லை. ட்ரில்லியம், பிளட்ரூட் எல்லாம் கிளைகளின் நிழல் முடிகிற ஓரத்தில், வேலிப்பக்கமாக.

நடும்போது மண்வெட்டி வேண்டாம். சின்னக் கைக்கரண்டியால் வேருக்கும் வேருக்கும் நடுவே ஒரு பொக்கெற் அளவு குழி. பெருவிரல் மொத்தத்துக்கு மேலான வேரை வெட்ட வேண்டாம். புது மண் கொட்டி மேடு கட்டவும் வேண்டாம். வேருக்கு மூச்சு முட்டும், மரம் நோய்ப்படும். சின்னக் கன்றாக வாங்குங்கள், பெரிய சாடிச் செடி அந்தக் குழிக்குள் போகாது. முதல் இரண்டு கோடையும் கிழமைக்கு ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும்.

கடையில் வாங்கிய கிழங்குக்கு வருகிறேன். அது பெரும்பாலும் காட்டில் கிண்டி எடுத்துக் காயவைத்ததாக இருக்கும். ட்ரில்லியம் கிழங்கு காயக் கூடாது. விற்கிறவரிடம் "இது எங்கே பிறந்தது?" என்று கேளுங்கள். "எங்கள் நாற்றுப்பண்ணையில் வளர்ந்தது" என்று சொன்னால் போதாது. காட்டில் கிண்டி வந்து ஒரு வருடம் சாடியில் வைத்திருந்தாலும் அது பண்ணையில் வளர்ந்ததுதான். விதையிலிருந்தோ கிழங்கு பிரித்தோ அவர்களே உண்டாக்கினார்களா என்று கேட்க வேண்டும். விலை மிக மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விதையிலிருந்து பூவுக்கு ஏழு வருடம் எடுக்கிற செடியை யாரும் மலிவாகக் கொடுக்க முடியாது.


நெல்லியடியான் | 13 யூன் 2022

ஏழு வருடமா! ரூஜ் காட்டில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. நாலைந்தைக் கிண்டி வந்தால் யாருக்கு என்ன குறை?


கிணற்றடி | 13 யூன் 2022

அண்ணா, அப்படிச் செய்ய வேண்டாம். ரூஜ் இப்போது தேசிய நகரப் பூங்கா. அங்கிருந்து ஒரு செடியை எடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும், அந்தக் கிழங்கு ஆழத்தில் கிடக்கும், இழுத்தால் தண்டுதான் கையோடு வரும். ட்ரில்லியத்துக்கு மூன்றே மூன்று இலை. அதைப் பூவோடு முறித்தால் அந்த வருடச் சமையல் முழுக்கப் போய்விடும். சில செடி செத்துப் போகும், பிழைத்தவையும் திரும்பப் பூக்க வருடக்கணக்காகும். 1937இல் ஒன்ராறியோ மாகாணம் தன் பூவாக எடுத்துக்கொண்ட செடி. அரசாங்கச் சின்னத்தில் இருப்பதும் அதுதான்.

மல்வெர்ன் தம்பி, நீங்கள் அந்தக் காட்டில் பார்த்த ஒவ்வொரு பூவுக்கும் உங்கள் மகளைவிட வயது கூட இருக்கலாம்.


நெல்லியடியான் | 14 யூன் 2022

சரி தங்கச்சி, விளங்கிவிட்டது. எடுக்க மாட்டேன்.

வேறொரு யோசனை. அந்த மண் இறுகிக் கிடக்கிறது என்கிறார் தம்பி. மீன் பிடிக்க விற்கிற மண்புழுவை இரண்டு பெட்டி வாங்கி விடலாமே. மண்புழு உழவனின் நண்பன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்.


கிணற்றடி | 14 யூன் 2022

ஊரில் அது சரி, மரக்கறித் தோட்டத்துக்கும் சரி. ஆனால் இந்தக் காட்டுச் செடிகளுக்குக் கூடாது. நானும் இதை நம்பக் கொஞ்ச நாள் எடுத்தது.

ஒன்ராறியோ முழுக்கப் பனியுகத்தில் பனிப்பாறைக்குக் கீழே கிடந்த நிலம். பனி விலகிய பிறகு இங்கே வளர்ந்த காடு மண்புழு இல்லாமலே வளர்ந்தது. இன்று மண்ணைக் கிண்டினால் வருகிற புழுக்கள் ஐரோப்பியர் வந்தபோது செடியோடும் மண்ணோடும் வந்து சேர்ந்தவையின் பரம்பரை. இந்தக் காட்டுத் தரையில் இலை மெல்ல மெல்ல மக்கி, பஞ்சு மெத்தை போல் ஒரு படை உண்டாகும். ட்ரில்லியம் விதை முளைப்பதும் அதில்தான், கிழங்கு ஈரம் காப்பதும் அதில்தான். புழு பெருகினால் அந்த மெத்தையைச் சில வருடங்களிலேயே தின்றுவிடும். பிறகு கீழே கட்டாந்தரை. இப்போது ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழு வேறு பரவுகிறது. தொட்டால் பாம்பு போல் துள்ளும். யாரும் சாடியோடு செடி தந்தால் மண்ணைக் கழுவிவிட்டு நடுங்கள்.

தம்பி, மரத்தின் இலையை இலையுதிர்காலத்தில் என்ன செய்கிறீர்கள்?


மல்வெர்ன்வாசி | 14 யூன் 2022

கூட்டி அள்ளிக் கடதாசிப் பையில் கட்டித் தெருவில் வைப்போம் அக்கா. போன வருடம் 18 பை.


கிணற்றடி | 15 யூன் 2022

18 பை. உங்கள் தோட்டத்தை நீங்களே கட்டி நகரசபைக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த வருடம் ஒரு பைகூடப் போக வேண்டாம். மேப்பிள் இலையை முழுசாக விட்டால் மழையில் நனைந்து அப்பளம் போல் ஒட்டிக்கொள்ளும், கீழே முளைக்கிறதை மூடிவிடும். ஆகவே புல்வெட்டும் மெசினை அதன் மேல் இரண்டு தரம் ஓட்டுங்கள். துண்டு துண்டாக வந்ததை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். மிச்சத்தை வேலி மூலையில் கோழிக்கம்பி வலையை வளைத்துக் கட்டி அதற்குள் போடுங்கள். இரண்டு வருடம் அப்படியே விட்டால் கறுப்பாக, கையில் உதிர்கிற இலைமக்கு வரும். அதற்குக் காட்டு வாசம் இருக்கும். வேறு பசளை ஒன்றும் இந்தச் செடிகளுக்குத் தேவையில்லை. எந்தச் செடி வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இலையை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. நான் 19 வருடத்தில் கற்றது பெரும்பாலும் இலையைப் பற்றித்தான்.

யூலை நடுவில் என் வளவில் ட்ரில்லியம் காய் பழுக்கும். வந்து எடுத்துப் போங்கள். கடையில் விதை வாங்க வேண்டாம், காய்ந்த விதை முளைக்காது.


பூவரசு | 16 யூன் 2022

அக்கா, வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. கையில் அகப்பட்டதை எல்லாம் வாயில் வைப்பான். எங்கள் வீட்டுப் பின்பக்கமும் இதே மாதிரி நிழல்தான். பயமில்லாமல் நடக்கூடியது என்ன?


கிணற்றடி | 16 யூன் 2022

அவன் கொஞ்சம் வளரும் வரை மே ஆப்பிள் வேண்டாம் பிள்ளை. வடிவான செடி, குடை விரித்தது போல் இலை. ஒற்றை இலைத் தண்டில் பூ வராது, இரண்டு இலை உள்ளதில் அந்தக் கவட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பூ தலை கவிழ்ந்து தொங்கும். நன்றாகப் பழுத்து மஞ்சளான பழத்தின் சதையைத் தவிர இலை, வேர், பச்சைக்காய், விதை எல்லாம் நஞ்சு. லிலி ஒஃப் த வலியும் வேண்டாம். அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அதோடு, ஒரு தரம் நட்டால் வளவு முழுக்கப் பரவி மற்றவற்றைத் தின்றுவிடும். ஜாக்-இன்-த-புல்பிட்டில் இலையுதிர்காலம் வரும்போது சோளப்பொத்தி மாதிரிச் சிவப்புப் பழக்குலை வரும். பிள்ளைகளின் கண் அதில்தான் போகும், அதை வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஃபோம்ஃபிளவர், மெய்டன்ஹேர் பன்னம், கிறிஸ்மஸ் பன்னம் இவற்றோடு தொடங்குங்கள். பன்னம் இரண்டும் நிழலில் வைத்தால் வருடத்துக்கு வருடம் தானே அகலும்.


நெல்லியடியான் | 17 யூன் 2022

பிளட்ரூட் கிழங்கை வெட்டினால் வருகிற சிவப்புப் பாலை மருவுக்குத் தடவுவார்கள் என்று கேள்விப்பட்டேன். வைல்ட் ஜிஞ்சர் என்றால் காட்டு இஞ்சிதானே, இரசத்துக்குத் தட்டிப் போடலாமா? மருந்துத் தோட்டம் என்றால் எனக்கும் விருப்பம்.


மருந்தகத்தார் | 17 யூன் 2022

மருந்துக்கடையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். இரண்டுமே வேண்டாம் அண்ணா.

பிளட்ரூட்டின் பால் தோலைத் தின்னும். மருவை மட்டும் தெரிந்து தின்னாது, சுற்றியுள்ள நல்ல தசையையும் அரித்து வடு விடும். அதைக் களிம்பாக்கித் தடவி முகத்தில் குழி விழுந்தவர்கள் உண்டு.

வைல்ட் ஜிஞ்சருக்கு இஞ்சி வாசம் உண்டு, இஞ்சிக்கு உறவில்லை. நம் ஊரின் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். அதில் அரிஸ்டொலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய என்று கொடுத்த மூலிகை மாத்திரையில் இதே அமிலமுள்ள செடி கலந்திருந்தது. ஏறக்குறைய நூறு பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. இரசத்துக்குக் கடை இஞ்சி போதும்.

மே ஆப்பிளைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. அதன் கிழங்கிலும் அதன் இமயமலை உறவுச் செடியின் கிழங்கிலும் உள்ள பொடோஃபிலோடொக்சின் என்ற நஞ்சிலிருந்துதான் எடொபொசைட் என்ற புற்றுநோய் மருந்தை உண்டாக்கினார்கள். ஆய்வுகூடத்தில் மாற்றி, அளந்து, நோயாளியின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. வளவில் பறித்து அவிக்கிற காரியம் இல்லை.


நெல்லியடியான் | 17 யூன் 2022

நல்லவேளை கேட்டேன். நன்றி தம்பி.


சோலைக்குருவி | 19 யூன் 2022

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்ன ஜாக்-இன்-த-புல்பிட் படத்தைத் தேடிப் பார்த்ததும் ஆச்சரியமாகிவிட்டது. எங்கள் சோலைக்காட்டிலும் இதே ஜாதி இருக்கிறது, அரிசேமா லெஷெனோல்டி. இலங்கை மலைகளிலும் உண்டு என்று படித்திருக்கிறேன். மழை பிடித்ததும் மக்கின இலையைத் துளைத்துக்கொண்டு வரும். தண்டில் பாம்புத்தோல் மாதிரிப் புள்ளி, மேலே படம் எடுத்த மாதிரி ஒரு மூடி. முதல் தடவை பார்த்தபோது இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

இங்கே யூக்கலிப்டஸ், வாட்டில் தோட்டங்களுக்கு அடியில் இதைப் பார்த்த ஞாபகம் இல்லை. சோலைக்குள் நுழைந்தால்தான் கண்ணில் படுகிறது. நீங்கள் இலைமக்கைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு இன்றைக்குச் சோலைக்குள் போய்த் தரையைக் கையால் விலக்கிப் பார்த்தேன். மணிக்கட்டு வரை உள்ளே போனது.


கிணற்றடி | 20 யூன் 2022

தம்பி, இதை வாசித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. என் அம்மாவின் கிணற்றடியில் வாழைக்குக் கீழே சேம்பு நிற்கும். கமுகு நிழலில் கருணை நிற்கும். இங்கே ஜாக்கை முதன்முதல் பார்த்தபோது எனக்கு அந்த ஆங்கிலப் பெயர் சொல்கிற பாதிரியாரும் பிரசங்க மேடையும் தெரியவில்லை, கருணைப் பூதான் தெரிந்தது. ஒரே குடும்பம். கருணைக்கிழங்கு வெட்டினால் கை கடிக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள்தான் ஜாக்கின் கிழங்கிலும். நாக்கில் பட்டால் போதும்.

அந்தச் செடியில் இன்னொரு அதிசயம். கிழங்கு சின்னதாக இருக்கும்போது ஆண் பூ. சாப்பாடு சேர்ந்து பருத்தால் அடுத்த வருடம் பெண் பூ. காய்த்துக் களைத்துப் போனாலோ, மழை குறைந்தாலோ திரும்ப ஆணாகிவிடும். பூவுக்குள் வருகிற சின்னக் கொசு ஈ வழுக்கி அடியில் விழும். ஆண் பூவின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அதனூடாக வெளியே போய்விடும். பெண் பூவில் அந்த ஓட்டை இல்லை. உள்ளே சுற்றிச் சுற்றி மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே சாகும். மே மாதத்தில் ஒரு பூவை மெல்லப் பிடித்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், தெரியும். என் வளவில் 11 செடி நிற்கிறது. இந்த வருடம் நாலு பெண். போன வருடம் ஏழு. கோடை எவ்வளவு காய்ந்தது என்று அவையே சொல்லிவிடும்.


பூவரசு | 21 யூன் 2022

வைல்ட் லீக் என்று ஒன்று சந்தையில் பார்த்தேன், பூண்டு வாசம். இதையும் நிழலில் வளர்க்கலாமா? சமைக்கலாமா?


கிணற்றடி | 21 யூன் 2022

வளர்க்கலாம், அருமையான சாப்பாடு. ஆனால் அதுவும் ஏழு வருடக் கணக்குத்தான். கியூபெக்கில் கடைகளுக்கு விற்க என்று கிண்டிக் கிண்டிக் காடு வெறுமையாகி, 1995இல் விற்பனையையே தடை செய்தார்கள். அங்கே ஒருவர் தன் வீட்டுக்கு வருடத்துக்கு 50 குமிழ்தான் எடுக்கலாம்.

நான் குமிழைத் தொடுவதே இல்லை. ஒரு செடியில் இரண்டு மூன்று இலை இருந்தால் ஒன்றை மட்டும் கத்தரியால் வெட்டுவேன். பருப்பு அவிந்து, தேங்காய்ப்பால் விட்டு, இறக்குகிற நேரம் அதைக் குறுக்காக அரிந்து போட்டு மூடிவிட வேண்டும். கொதிக்க விட்டால் வாசம் போய்விடும்.

ஒன்று கவனம். லிலி ஒஃப் த வலியின் இலை ஏறக்குறைய இதே உருவம். மணந்து பார்த்துப் பறியுங்கள் என்பார்கள். ஆனால் நாலு இலை பறித்த பிறகு உங்கள் விரலே பூண்டு மணக்கும், அதற்குப் பிறகு எதை மணந்தாலும் பூண்டுதான். ஆகவே இரண்டையும் ஒரே வளவில் வைக்கவே வைக்காதீர்கள்.


மல்வெர்ன்வாசி | 18 யூலை 2022

நேற்று மகளோடு அக்காவின் வளவுக்குப் போய் வந்தேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ட்ரில்லியம் காய் வெளிறி மெதுவாகியிருந்தது. தொட்டதும் காம்பிலிருந்து கழன்று விழுந்தது. உள்ளே மண்ணிற விதைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெண்மையான சதைத் துணுக்கு. அக்கா நாலு விதையை நடைபாதைக் கல்லில் வைத்துவிட்டு மகளை "பொறுத்துப் பார்" என்றார். பத்து நிமிடமும் ஆகவில்லை. ஓர் எறும்பு வந்து அந்தச் சதையைக் கவ்வி, தன்னைவிடப் பெரிய விதையைக் கல்லின் விளிம்பு வரை இழுத்துப் போனது. அங்கே இன்னொன்று சேர்ந்தது. புற்றுக்குக் கொண்டுபோய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு வெளியே போட்டுவிடுமாம், அங்கேதான் கன்று வருமாம். அக்காவின் ட்ரில்லியங்கள் ஏன் கல் விளிம்போடு வரிசையாக நிற்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. மகள் வீட்டுக்கு வரும் வரை வேறு கதை பேசவில்லை.

ஈரப் பாசியில் சுற்றி 40 விதை தந்தார். அன்று மாலையே வேலியோரத்தில் அரை அங்குல ஆழத்தில் போட்டு, அடையாளத்துக்கு ஐஸ்கிறீம் குச்சி குத்தியிருக்கிறோம்.


மல்வெர்ன்வாசி | 9 ஒக்டோபர் 2022

நாட்டுச் செடி மட்டுமே வளர்க்கிற ஒருவரிடம் வாங்கி, அக்கா சொன்ன கேள்வியையும் கேட்டு, இன்று நட்டது: பிளட்ரூட் 5, வைல்ட் ஜிஞ்சர் 6, சொலமன்ஸ் சீல் 3, ஜாக் 2. நட்டு அரைமணித்தியாலத்தில் அணில் வந்து கிண்டத் தொடங்கிவிட்டது. வலை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறேன். இலைப் பை இந்த வருடம் பூச்சியம்.


கிணற்றடி | 9 ஒக்டோபர் 2022

வலையைப் பனி கரைந்ததும் எடுத்துவிடுங்கள். மறந்தால் முளை அதற்குள் சிக்கி முறியும்.


மல்வெர்ன்வாசி | 27 ஏப்ரல் 2023

பிளட்ரூட்!

காலையில் வேலைக்குப் போகும் முன் பார்த்தேன். குளிருக்குப் பிள்ளையைத் துவாயால் சுற்றி வைத்தது போல், ஒரே இலை அந்தப் பூத்தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மத்தியானம் வீட்டுக்காரி படம் அனுப்பினார், விரிந்து தட்டையாக, நடுவில் மஞ்சள். மாலை நான் வர முன் மூடிவிட்டது. ஐந்தில் நாலு வந்திருக்கிறது.

ட்ரில்லியம் விதை போட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை அக்கா. கிண்டிப் பார்க்கலாமா?


கிணற்றடி | 27 ஏப்ரல் 2023

கிண்டக் கூடாது! முதல் வசந்தத்தில் அது வேரை மட்டும்தான் விடும். மேலே ஒன்றும் தெரியாது. இன்னொரு குளிரைக் கடந்த பிறகுதான் இலை வெளியே வரும். இப்போது கிண்டினால் அந்த வேரை முறிப்பீர்கள். ஐஸ்கிறீம் குச்சி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோடையில் மறக்காமல் தண்ணீர் விடுங்கள். வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரித்தான் இருக்கும், விடுங்கள்.

பிளட்ரூட்டை நாளை நேரத்தோடு வந்து பாருங்கள். ஒரு மழை அடித்தால் இதழ் முழுக்கக் கொட்டிவிடும்.


மல்வெர்ன்வாசி | 2 மே 2023

மழை அடித்தது. கொட்டிவிட்டது. இலை இப்போது விரிந்து உள்ளங்கை அளவுக்கு வந்திருக்கிறது.


பூவரசு | 20 ஓகஸ்ட் 2023

இரண்டு கிழமை ஊரில் நின்றுவிட்டு வந்து பார்த்தால் மெய்டன்ஹேர் முழுக்க மண்ணிறமாகிவிட்டது. செத்துவிட்டதா அக்கா?


கிணற்றடி | 20 ஓகஸ்ட் 2023

மேலே காய்ந்திருக்கும், அடிக்கிழங்கு இருக்கும். காய்ந்ததை வெட்டாமல் அப்படியே விட்டு, இலைத்துண்டு போட்டு, தண்ணீர் விடுங்கள். மே மாதம் வரை தோண்டி எறிய வேண்டாம்.


பூவரசு | 6 மே 2024

மெய்டன்ஹேர் வந்துவிட்டது. ஏழு சுருள், கறுப்புத் தண்டில். மகனுக்கு இப்போது ஐந்து வயது. தினமும் எண்ணுகிறான்.


மல்வெர்ன்வாசி | 11 மே 2024

அக்கா, இன்று மகள்தான் கண்டுபிடித்தாள். ஐஸ்கிறீம் குச்சிகளில் இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே, நொருங்கிய மேப்பிள் இலைத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டு ஒற்றை இலைகள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஒடுக்கம். புல் என்று நினைத்துப் பிடுங்கியிருப்பேன். அவள்தான் "இது புல் இல்லை, புல்லுக்கு இப்படி மினுக்கம் இல்லை" என்றாள். குந்தியிருந்து எண்ணினோம். 23.


கிணற்றடி | 11 மே 2024

அதேதான். அது வித்திலை. அடுத்த வருடமும் ஒற்றை இலைதான் வரும், கொஞ்சம் அகலமாக. மூன்று இலை வர இன்னும் இரண்டு மூன்று வருடம். பிள்ளைக்கு இப்போது எத்தனை வயது?


மல்வெர்ன்வாசி | 11 மே 2024

ஒன்பது. முதல் பூ வரும்போது உயர்தரப் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று கணக்குப் பார்த்துவிட்டாள். நாளை புதுக் குச்சி குத்தப் போகிறோம், இந்தத் தடவை மரக்குச்சி இல்லை, கல்.